ஹாஜ் பஸ்யூனியின் மகள்

அலெக்சாந்திரியா, அன்ஃபூஷி
3 மே 1976

அன்புத் தம்பி நஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் மச்சான் மஹ்ரூஸும் நலம். என் முழங்கால்தான் படியைக் கண்டாலே முறைத்துக்கொள்கிறது. உன் கண் எப்படி இருக்கிறது? கெய்ரோப் புழுதியில் சொட்டு மருந்தை மறந்துவிடாதே.

உன் நாவலின் இரண்டாம் பாகம், புதுப் பதிப்பு, வந்து சேர்ந்தது. அட்டை அழகு. உள்ளே பழைய பிழைகளெல்லாம் சுகமாக இருக்கின்றன. முதல் பாகம் வந்த வருஷத்திலிருந்து சொல்கிறேன், தாத்தா தந்தா நகரில் கடலை மிட்டாய்க் கடை போட்டது பள்ளிவாசலுக்கு வடக்கே. நீ எழுதும் வர்தானி குடும்பம் நம் குடும்பம்தான் என்று தந்தாவில் கழுதைக்குக்கூடத் தெரியும். பெயரை மாற்றியது சரி, கடையை ஏன் இடம் மாற்றுகிறாய்?

இன்னொரு வழக்கும் இருக்கிறது. வர்தானியின் மகள் முனீரா அப்பாவை எதிர்த்துக்கொண்டு போய் ஒரு தபால் அதிகாரியைக் கட்டுகிறாள். நான் கட்டியது கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவரை. உன் மச்சான் ஒரு வாரமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "உன் தம்பிக்கு என்னைக் கதையில வெக்கக்கூட வெக்கமா இருக்கு, பாத்தியா?" என்கிறார். இதற்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

மூன்றாம் பாகத்துக்கு என்ன தெரிய வேண்டுமோ கேள். யாருக்கு யார் மாமன், எந்தக் கல்யாணத்தில் வாத்து வேகவில்லை, எல்லாம் இந்த மண்டையில்தான் இருக்கிறது. நான் போய்ச் சேர்வதற்குள் கேட்டுக்கொள்.

உன் அக்கா,
துர்ரிய்யா


கெய்ரோ, ஷுப்ரா
20 மே 1976

பாசமுள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் முழங்காலுக்கு என் ஸலாமைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்தும் காலம். நூற்று எண்பது பையன்களின் இலக்கணத்தைப் பார்த்த பிறகு கண் எப்படி இருக்கும்? இருந்தாலும் நலமே.

கடையை வடக்கே நகர்த்திவிட்டேன். அடுத்த பதிப்பில் பாருங்கள். மச்சானிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். தபால் அதிகாரி என்று எழுதியபோது எனக்கே அது உறுத்தியது.

மூன்றாம் பாகத்தில் வர்தானியின் மரணத்துக்கு வந்து நிற்கிறேன். அந்தச் செய்தி முனீராவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எழுதியாக வேண்டும். அப்பா இறந்த செய்தி உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்பது தப்பென்றால் இந்த வரியைப் படிக்காதது போல விட்டுவிடுங்கள்.

மச்சானுக்கு என் ஸலாம்.

உங்கள் தம்பி,
நஸ்மி


அலெக்சாந்திரியா
6 ஜூன் 1976

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல். கடல் காற்று இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது.

கேட்டுவிட்டாய். பத்தொன்பது வருஷம் கழித்தாவது கேட்டாயே, சரி, சொல்கிறேன்.

அன்று காலை ஆகாரத்துக்கு மொச்சை அவித்து, எலுமிச்சை பிழிந்து வைத்தேன். உன் மச்சான் பேப்பரை விரித்தார். எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் முதலில் மரண அறிவிப்புப் பக்கம்தான். யார் போனார்கள், யார் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போக வேண்டும் என்று பார்த்துவிட்டுத்தானே நாட்டு நடப்பு. திடீரென்று அவர் பேப்பரை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்தார். நான் பிடுங்கிப் படித்தேன்.

ஹாஜ் பஸ்யூனி ஹம்மஸானி, தந்தாவின் கடலை வணிகர். நஸ்மியின் தந்தை. ஹாஜ் அப்துல் கவீயின் தம்பி. அப்புறம் தமன்ஹூரில் இருக்கும் உறவு, மஹல்லாவில் இருக்கும் உறவு. அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கையுடைய சம்பந்தி, தண்ணீர் பம்பு மேற்பார்வையாளர், அந்த மனிதர்கூட இருந்தார். நான் இல்லை.

அழவில்லை. எழுந்து போய் காபிக்கொட்டை வறுத்தேன். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு சர்க்கரை இல்லாத காபி கொடுக்க வேண்டுமே. அரைத்து, கோப்பைகளைக் கழுவி அடுக்கி, கறுப்பு உடுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நாள். ஈ காக்கைகூட வரவில்லை. எப்படி வருவார்கள்? பெயரைப் பார்த்துத்தானே வருவார்கள். "மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும்" என்று துக்க வீட்டில் சொல்வார்களே, அதை என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. நானே போய்ச் சொல்லவா முடியும், செத்தது என் அப்பா என்று? பேப்பரில் இல்லையே, நீ யார் என்றால்? மூன்றாம் நாள் அந்தக் காபியை நானும் உன் மச்சானும் குடித்தோம்.

அப்பா தன் மரண அறிவிப்பைத் தானே எழுதிக் குர்ஆனுக்குள் வைத்திருந்தார் என்று அத்தை அப்புறம் சொன்னாள். நாளையும் நேரத்தையும் மட்டும் காலியாக விட்டிருந்தாராம். அவர் கையாலேயே என்னை விட்டுவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் நாவலில் இரக்கப்பட்டு முனீராவின் பெயரைச் சேர்க்காதே. நடந்ததை நடந்தபடி எழுது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசி நாட்களில் அவர் என் பெயரைச் சொன்னாரா? இல்லையென்றால் இல்லை என்று எழுது. எனக்கு ஐம்பத்து நான்கு வயது, தாங்கிக்கொள்வேன்.

அக்கா,
துர்ரிய்யா


கெய்ரோ
29 ஜூலை 1976

பாசமுள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு வெயிலும் கண்ணும் காரணம். வைத்தியர் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

போன வாரம் தந்தா போயிருந்தேன். உங்களுக்கு எள் போட்ட கடலை மிட்டாய் இரண்டு பெட்டி, பக்கத்து வீட்டு ரயில்வேக்காரர் மூலமாக அனுப்பியிருக்கிறேன். மச்சானுக்குப் பல் வலி என்றால் அவருக்கு வறுத்த கடலை தனியே இருக்கிறது. பதிப்பாளர் மூன்றாம் பாகத்தைக் கேட்டு உயிரை எடுக்கிறார். அந்த அத்தியாயம் ஏனோ நகர மாட்டேன் என்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
நஸ்மி


அலெக்சாந்திரியா
25 ஆகஸ்ட் 1976

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாளையோ மறுநாளோ பிறை தெரியும். நோன்பை நல்லபடியாக ஆரம்பி. மிட்டாய் வந்தது. எள் கொஞ்சம் கருகல். அப்பா கடையில் இதைத் தட்டிலேயே வைத்திருக்க மாட்டார்.

கண்ணாடி, வெயில், பதிப்பாளர், மச்சானின் பல், எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டாய். நான் கேட்டது ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். நீ சின்ன வயதில் ஜாடியை உடைத்துவிட்டு இப்படித்தான் பூனையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பாய்.

எங்கள் கீழ் வீட்டு உம்மு அதிய்யா உன் நாவலின் பெரிய விசிறி. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மருமகள்தான் வாசித்துக் காட்டுவாள். அதற்கு முன்னால் தினமும் காலையில் மரண அறிவிப்பு வாசித்தாக வேண்டும். பெயரைக் கேட்டதும் உம்மு அதிய்யா பாதியிலேயே கறுப்புச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிடுவாள். போன மாதம் உயிரோடிருக்கும் மருந்துக் கடைக்காரர் வீட்டில் போய் ஒப்பாரி வைத்துவிட்டாள். செத்தது அதே பெயரில் வேறு ஊர்க்காரராம். அந்த மனிதர் வெளியே வந்து, "மாமி, நான் இன்னும் போகல" என்றாராம். "எனக்கென்ன தெரியும், சீக்கிரம் வந்துட்டேன்னு வெச்சுக்கோ" என்றாளாம்.

அவள் கேட்கிறாள், "உன் தம்பி கெழவனை எப்பத்தான் சாக விடுவான்?" நானும் அதைத்தான் கேட்கிறேன், நஸ்மி. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடு.

துர்ரிய்யா


கெய்ரோ
10 அக்டோபர் 1976

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்து தாமதமாக வருகிறது. இந்தக் கடிதத்தை நோன்பு முழுக்க எழுதிக் கிழித்தேன்.

அப்பாவின் கையெழுத்தில் அந்த மரண அறிவிப்பு இத்துடன் இருக்கிறது. பிரித்துப் பாருங்கள். அவர் பெயருக்குக் கீழே முதல் வரி இது: "துர்ரிய்யா, நஸ்மி ஆகியோரின் தந்தை." இரண்டாம் வரி: "கலைஞர் மஹ்ரூஸ் அவர்களின் மாமனார்." அந்த இரண்டு இடத்திலும் குறுக்கே ஓடுகிற நீல மைக்கோடு அப்பாவுடையது இல்லை. என்னுடையது.

பெரியப்பா அப்துல் கவீ அன்று காலை என் கையிலிருந்து அதை வாங்கிப் படித்தார். "கிளாரினெட்காரன் பேரு நம்ம குடும்பத்துக்குள்ள அச்சுல வரணுமா? வந்தா நான் துக்கப் பந்தல்ல நிக்க மாட்டேன். அப்பனுக்கு நீ ஒருத்தனே நின்னுக்கோ" என்றார். அவர் நிற்காவிட்டால் தந்தாவில் ஒருவரும் பந்தலுக்குள் வர மாட்டார்கள் என்று பயந்தேன். எனக்கு அப்போது முப்பது வயது. சின்னப் பையன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவர் பேனா கேட்கவில்லை, அக்கா. நானே எடுத்து அடித்தேன். தந்தி கொடுக்கிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு அதையும் கொடுக்கவில்லை. தந்தி கொடுத்தால் நீங்கள் வந்து நிற்பீர்கள், பேப்பரில் ஏன் பெயர் இல்லை என்று கேட்பீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அப்பா கடைசி வாரம் என்னை அதை வாசிக்கச் சொன்னார். "கலைஞர்" என்ற இடம் வந்ததும் விரலைத் தூக்கி, "இன்னொரு தடவ வாசி" என்றார். வாசித்தேன். "உசுரோட இருக்கும்போது அவளைக் கூப்பிட எனக்கு வாய் வரல. இதைப் பேப்பர்ல படிச்சா வந்துருவால்ல?" என்று கேட்டார். வருவாள் அப்பா என்றேன்.

பத்தொன்பது வருஷமாக அவர்தான் உங்களைத் தள்ளினார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது நான் சும்மா இருந்தேன். மூன்றாம் பாகம் வரை நாவல் எழுதியும் இந்த ஒரு பக்கத்தை உங்களுக்கு எழுத எனக்கு இதுவரை முதுகெலும்பு இருக்கவில்லை.

நஸ்மி


அலெக்சாந்திரியா
5 நவம்பர் 1976

அன்பு மச்சினன் நஸ்மிக்கு மஹ்ரூஸ் எழுதுவது,

ஸலாம். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள்.

உன் கடிதம் வந்தது. உன் அக்கா படித்தாள். அந்தத் தாளை அரிசி டப்பாவில் வைக்கிறாள், எடுக்கிறாள், சமையலறையில் நின்றபடியே படிக்கிறாள், மறுபடி வைக்கிறாள். சோறெல்லாம் ஒழுங்காக ஆக்குகிறாள். உப்புதான் இரண்டு தடவை விழுகிறது. "நஸ்மிக்குப் பதில் போடுறியா?" என்று கேட்டேன். "எந்த நஸ்மிக்கு?" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகக் கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் ஊதுகிறேன். ஊதுகுழல்காரா என்பார்கள், ஏய் என்பார்கள். உன் அப்பா என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு பால்கனியில் போய் கிளாரினெட்டை எடுத்தேன். மூச்சு வரவில்லை, தம்பி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்சம் பொறு. அவள் கோபத்துக்கு நான் பழகினவன். சத்தம் போட்டால் பயமில்லை. இப்போது சத்தமில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

மஹ்ரூஸ்


கெய்ரோ
15 டிசம்பர் 1976

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

அந்த அத்தியாயத்தை எழுதிவிட்டேன். வர்தானியின் மரண அறிவிப்பை முழுதாகப் போட்டிருக்கிறேன், முதல் பெயர் முனீரா. தபால் அதிகாரியையும் எடுத்துவிட்டு கிளாரினெட் கலைஞர் ஆக்கிவிட்டேன். அச்சுத் தாள் அனுப்பியிருக்கிறேன். இந்த நாவலை நாலு நாட்டில் வாசிக்கிறார்கள். எல்லோரும் அந்தப் பெயரைப் படிப்பார்கள். என்னால் முடிந்தது இது.

உங்கள் மௌனத்தைத் தாங்க முடியவில்லை. திட்டியாவது எழுதுங்கள்.

நஸ்மி


அலெக்சாந்திரியா
20 ஜனவரி 1977

நஸ்மி,

ஸலாம் வைக்காமல் ஆரம்பிக்கிறேன், குறையாக நினைக்காதே, நினைத்தாலும் நினைத்துக்கொள்.

உன் அச்சுத் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். முனீரா யார்? எனக்கு அவளைத் தெரியாது. நீயாகப் பெற்று வளர்த்த பெண். அவள் பெயரை நாலு நாட்டில் படித்தால் எனக்கென்ன? நீ அடித்தது முனீராவை இல்லை. கதையில் அடித்திருந்தால் கதையில் திருத்தலாம். பேப்பரில் அடித்ததைப் பேப்பரில் திருத்து.

மார்ச் பதினொன்றோடு அப்பா போய் இருபது வருஷம். நினைவு நாள் அறிவிப்புப் போடுகிறார்களே, அந்தப் பக்கத்தில் போடு. அப்பா எழுதினதில் ஒரு சொல் கூட்டாதே, குறைக்காதே. தண்ணீர் பம்புக்காரரும் இருக்கட்டும். பெரியப்பாவின் பெயரையும் எடுக்காதே, அப்பா எழுதினது எழுதினதுதான். நீயும் இரண்டாவதாக இருந்துகொள். தாள் என்னிடம் இருக்கிறது, ஒத்துப் பார்ப்பேன்.

"படிச்சா வந்துருவால்ல" என்று கேட்ட மனிதரிடம் வருவாள் என்று சொல்லிவிட்டு நீ பேனாவை எடுத்திருக்கிறாய். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் இல்லை. அதை மட்டும் உனக்குச் சொல்லிவைக்கிறேன்.

துர்ரிய்யா


கெய்ரோ
4 மார்ச் 1977

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பேப்பர் அலுவலகத்துக்கு நானே போனேன். அங்கிருந்த எழுத்தர், "இருவது வருஷத்துக்கு அப்புறம் இவ்வளவு பேரையா போடுவாங்க? சுருக்கமாப் போடலாமே சார்" என்றார். சுருக்கின தப்பைத்தான் திருத்த வந்திருக்கிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். வரும் வெள்ளிக்கிழமை வருகிறது. நீங்கள் இருக்கும் முகவரியையும் போடச் சொன்னேன், அது மட்டும் என் சொந்தச் சேர்க்கை. மன்னியுங்கள்.

மன்னியுங்கள் என்று சொன்னது முகவரிக்கு மட்டும் இல்லை.

நஸ்மி


அலெக்சாந்திரியா
16 மார்ச் 1977

அன்புத் தம்பி நஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மத்துல்லாஹி வ பரகாத்துஹு. உன் கண் நலமா? என் முழங்கால் செத்துவிட்டது, ஏன் என்று கேள்.

வெள்ளிக்கிழமை காலை உன் மச்சான் பேப்பர் வாங்கி வந்தார். அப்பாவின் தாளைப் பக்கத்தில் வைத்துச் சொல்லுக்குச் சொல் ஒத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. இன்னும் மடிக்கக்கூட இல்லை, கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் உம்மு அதிய்யா, கறுப்புச் சால்வை, பின்னால் மருமகள், அவளுக்குப் பின்னால் படி முழுக்கப் பெண்கள். உம்மு அதிய்யா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "துர்ரிய்யா, பெத்த அப்பா போய்ட்டாரே, மிச்ச ஆயுசு உனக்குச் சேரட்டும்மா" என்றாள்.

வழக்கம் போலப் பாதியில் கிளம்பி வந்திருக்கிறாள். வாயைத் திறந்தேன், இது நினைவு நாள், இருபது வருஷமாச்சு என்று சொல்ல. சொல்லவில்லை, நஸ்மி. அவள் தோளில் தலையை வைத்தேன். அன்றைக்கு வராத அழுகையெல்லாம் வந்தது.

கறுப்பு உடுத்தினேன். காபி அரைத்தேன். மாலையில் பெண்கள் உள்ளே, உன் மச்சானின் பேண்டு ஆட்கள் படியில். டிரம்ஸ்காரர் ஒருவர், மாமனாரை இழந்தவர் என்று உன் மச்சானைக் கட்டிக்கொண்டு அழுதார். உன் மச்சான், "பெரிய மனுஷன். என்னைக் கலைஞர்னு கூப்பிட்டவர்" என்றார். பொய்யில்லையே. மூன்று நாளில் அறுபது கோப்பை ஊற்றியிருப்பேன்.

மூன்றாம் நாள்தான் மருமகள் தலைப்பை வாசித்துக் காட்டியிருக்கிறாள். உம்மு அதிய்யா மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"ஏன்டி, இருவது வருஷமாச்சாமே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தெருவையே அழ வெச்சுட்டேன்."

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?" என்றேன்.

சால்வையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்ப அன்னைக்கு உன்கிட்ட யாரும் துக்கம் கேக்கலையா?"

"இல்ல."

"சரியாத்தான் வந்திருக்கோம்" என்று உட்கார்ந்தாள். "காபி ஊத்து."

அப்பா கேட்டது போல, படித்துவிட்டேன். அடுத்த வார வெள்ளிக்கிழமை தந்தாவுக்குப் போகிறேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. அவர் கபரில் ஃபாத்திஹா ஓதிவிட்டு, கடை பள்ளிவாசலுக்கு எந்தப் பக்கம் என்று ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நீ தனியாகப் போகவிட மாட்டாய் என்று நினைக்கிறேன். அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமையே இங்கே வந்துவிடு. கோபம் முழுக்கப் போய்விட்டதா என்று கேட்காதே, எனக்குத் தெரியவில்லை. ஆனால் நேற்று கோப்பைகளைக் கழுவி அடுக்கும்போதுதான் நினைத்தேன், ஊரே வந்து போய்விட்டது, நீ இன்னும் துக்கம் கேட்க வரவில்லை. உன்னிடமும் நான் கேட்க வேண்டும். அவர் உனக்கும் அப்பாதான். ஒரு கோப்பைக்குத் தூள் எடுத்து வைத்திருக்கிறேன். வா. வந்து சர்க்கரை கேட்காதே.

மிச்ச ஆயுசு உனக்குச் சேரட்டும், தம்பி.

உன் அக்கா,
ஹாஜ் பஸ்யூனி ஹம்மஸானியின் மகள் துர்ரிய்யா